எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில்

இனுவிக்கில் ஜூன் மாதம் சூரியன் விழுவதில்லை.
இரவு பதினொன்றரைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
தேயிலைப் பைகளைப் புதைக்கிறேன்.
எட்டு சென்டிமீட்டர் ஆழம். ஜோடி ஜோடியாக,
ஒன்று பச்சைத் தேயிலை, ஒன்று ரூய்போஸ்.
நூல் மட்டும் பாசிக்கு மேலே
எலி வால் மாதிரி.
கொசு வாய்க்குள் போகிறது.
இதற்குத்தான் சம்பளம்.

தொண்ணூறு நாள் கழித்துத் தோண்டிக் காயவைத்து நிறுப்பேன்.
மண் எவ்வளவு தின்றது?
அட்டவணையில் அந்தப் பத்தியின் பெயர் சிதைவு வீதம்.

அதே பெட்டியில் வந்த அதே பைகளை
குவீன்ஸ்லாந்தில், குரண்டா மழைக்காட்டில்
நிமலன் புதைக்கிறான்.
நாலரை வருடம் என் கணவனாக இருந்தவன்.
இப்போது என் வரிசைக்குக் கீழே ஒரு வரிசை.

விதானம் என்றால் எனக்கு
மணவறைக்கு மேலே கட்டிய துணி.
அவனுக்கு முப்பது மீட்டர் உயரத்தில்
வெயிலைத் தரைக்கு விடாத இலைக் கூட்டம்.
அங்கே விழுந்த இலைக்கு வயது சில வாரம்.
பூஞ்சை, கறையான், மழை; வேர் மேலே வந்து வாங்கிக்கொள்ளும்.
மண்ணில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை.
இங்கே இலை விழுந்தால் விழுந்ததுதான்.
அடுத்த வருடம் அதன் மேல் இன்னொன்று.

எட்மன்டன் விமான நிலையத்தில், பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தபடி
நிமலன் சொன்னான்:
"உன்னிடம் எதுவும் மக்காது."
சரிதான்.
அந்த வாக்கியமே இன்னும் மக்கவில்லை.

தொடர்ந்து இரண்டு வருடம் உறைந்திருந்தால் போதும்,
நிரந்தர உறைபனி என்று எழுதிவிடுவார்கள்.
நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம்.

பனி என்றால் தமிழில் எல்லாம்தான்.
புல் நுனியில் நிற்பது, மாசியில் தலையில் இறங்குவது,
இங்கே தண்ணீர்க் குழாயை வெடிக்கச் செய்வது.
கண் பனித்தது என்று எழுதினால்
உருகியதா உறைந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

செப்டம்பர்.
இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்குகிறேன்.
பாசி, கரிய மண், வழுக்கல், பிறகு
டொக்.
அந்த டொக்குக்கு மேலே உள்ளதுதான் இயங்கு அடுக்கு.
கோடையில் இளகும், குளிரில் இறுகும்.
வேரும் புழுவும் தங்கள் முழு ஆயுளையும்
அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.
போன வருடம் ஐம்பத்தெட்டு.
இப்போது அறுபத்தேழு.
கம்பியைப் பிடுங்கி, ஓரடி தள்ளிக் குத்தினேன்.
அறுபத்தேழு.

பைகளும் இளைத்திருந்தன.
தராசைத் துடைத்து மூன்று முறை நிறுத்தேன்.
எண்ணை இட்டதும் அட்டவணையில் அவன் பெயர் மினுங்கியது.
"உன் தராசைச் சரிபார்."
"பார்த்துவிட்டேன்."
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அங்கே விடிந்திருக்காது.
"அப்படியென்றால் தொடங்கிவிட்டது" என்று எழுதினான்.

ஆயிரமாயிரம் வருடத்து இலையும் வேரும்
கீழே தின்னப்படாமல் காத்திருக்கின்றன.
அவை மக்கத் தொடங்கினால் வெளிவரும் மூச்சு
யாருக்கும் நல்லதல்ல.
எனக்கு மட்டும் ஒரு நொடி
லேசாக இருந்தது. அதை எந்தப் பத்தியில் போடுவது?

பெர்த்தா கெண்டி குருதிநெல்லி வாளியோடு வந்து நின்றாள்.
கெண்டி அவள் குடும்பப் பெயர்.
எங்கள் ஊரில் அது மூக்கு வைத்த பாத்திரம் என்று
சொன்ன நாளிலிருந்து தேநீர் தராமல் விடமாட்டாள்.
"இந்த வருடமும் மண்ணுக்கா ஊற்றிக் கொடுத்தாய்?"

அவள் வீட்டில் கதவு சாத்துவதில்லை.
தூண்களில் ஒன்று இறங்கிவிட்டது.
அடுப்பங்கரையில் வைத்த உருளைக்கிழங்கு
தானாகப் போய் ஃப்ரிட்ஜைத் தொடுகிறது.
மேசைக்காலுக்கு அடியில்
இரண்டு பழைய தொலைபேசிப் புத்தகங்கள்.

மீதமிருந்த ஒரு பச்சைத் தேயிலைப் பையை
பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
கொதிநீர் ஊற்றினாள்.
சாய்ந்த மேசை, சாய்ந்த கோப்பை.
தேநீர் மட்டும்
நேராக நின்றது.